பெயர் சொல்லாமல் சொன்னது

செப்டம்பர் 2, செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டது. நாலு பீரியட் தொடர்ந்து கத்தினால் கட்டாமல் என்ன செய்யும்? மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சுத்தம் பற்றிய பாடம். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளு எந்தத் தண்ணீரில் கூடும், எதில் கூடாது என்று ஒரு வாரமாக உடைத்து உடைத்துச் சொல்கிறேன். கேள்வி கேட்டால் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், பதிலை என் மூக்கில் எழுதி ஒட்டியிருக்கிற மாதிரி.

சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் குழாயடியில் வழக்கமான சண்டை. எல்லாம் நின்றுகொண்டே பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் குடிக்கிறதுகள். உட்கார்ந்து குடி, மூணு மிடறாகக் குடி என்று எத்தனை தடவை சொல்வது? இன்றும் சொன்னேன். நாளைக்கும் சொல்வேன். மதரஸாவில் முகத்துக்கு நேரே ஆலிமா என்று கூப்பிட்டாலும், முதுகுக்குப் பின்னால் எனக்கு ரேடியோ என்று பட்டப்பெயர் இருப்பது தெரியும். இருக்கட்டும். ரேடியோ இல்லாவிட்டால் இதுகளுக்கு நல்லது கெட்டது யார் சொல்வது?

தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் போகவில்லை. பதினாலு வயசு, ஜூன் மாதம் விடுதியில் சேர்ந்தவள். ஓதினால் பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காது. நான் சின்னக்குரல் என்றுதான் கூப்பிடுவேன். தொழுகைப் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே நின்றாள். “ஆலிமா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லலாமா?”

சொன்னாள். இங்கே வந்ததிலிருந்து தூக்கத்தில் படுக்கை நனைந்துவிடுகிறதாம். வாரத்தில் மூணு நாள், நாலு நாள். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு முன்னால் எழுந்து பெட்ஷீட்டை அலசி மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிடுகிறாளாம். வீட்டில் இப்படி இருந்ததே இல்லையாம். யாரிடமும் சொல்லிவிடாதீங்க என்றாள்.

“நான் யாருகிட்ட சொல்லப்போறேன், போ. அஸருக்கு அப்புறம் தண்ணி குடிக்காதே. துஆ ஓதிட்டுப் படு. சரியாயிடும்.”

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அடுத்த வகுப்பு இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

இன்றைய பயான் நன்றாக அமைந்தது. மாஷா அல்லாஹ்.

வியாழன் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு விடுதிப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரையும் கூடத்தில் உட்காரவைத்து இருபது நிமிஷம் உபதேசம். ஏழு வருஷமாக நான்தான். புது மைக் வேறு. பத்து நிமிஷம் வரை கொட்டாவி. அப்புறம் ஓர் உதாரணம் சொன்னேன்: “உங்களிலேயே சிலர் இருக்காங்க. பெரிய பிள்ளையாகியும் படுக்கையை நனைச்சிட்டு, விடியறதுக்குள்ள மாடியில காயப்போட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. பெட்ஷீட்டை அலசினா ஆச்சா? உடம்பு? உடுப்பு? தொழுகை கூடுமா?” ஒரு கொட்டாவி இல்லை. அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் யாரோ ஒருத்தி சிரித்தாள். ஒரே முறைப்பு, அடங்கிவிட்டது.

பெயர் சொல்லவில்லை. பிறர் குறையை மறைக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறவள் நான். எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 6, சனி

வார்டன் அக்கா வகுப்பறை வாசலில் வந்து நின்றார். “ஒரு நிமிஷம் மாடிக்கு வாங்க ஆலிமா.”

நீளக் கொடி. அதில் ஒரே ஒரு பெட்ஷீட். நீலப் பூப்போட்டது. விடுதியில் எல்லாரும் வெள்ளிக்கிழமைதான் பெட்ஷீட் துவைக்கிறார்கள். மற்ற நாளில் அந்தக் கொடியில் தொங்குவது யாருடையது என்று நாற்பத்திரண்டு பேருக்கும் தெரியும். இதுவரை அது ஏன் என்றுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

“அவளைக் குழாய்னு கூப்பிடறாங்க,” என்றார் வார்டன் அக்கா. “வியாழக்கிழமையிலேர்ந்து.”

நான் பேரே சொல்லலையே என்றேன். அக்கா கொடியைப் பார்த்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பேர் சொல்லலை. சொல்லவே இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இந்த நோட்டின் பழைய பக்கங்களில் எல்லார் பெயரும் இருக்கிறது. இனி அந்தப் பிள்ளையின் பெயரை இங்கேகூட எழுதப்போவதில்லை. பூட்டிய பூட்டு, ஆனால் திருடன் போன பிறகு. எனக்கே சிரிப்பு வருகிறது. சிரிப்பா அது?

இன்று வகுப்பில் அவளை ஓதச் சொன்னேன். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. சின்னக்குரல் என்று கூப்பிட வாய் வரவில்லை. அவள் பக்கத்தில் பாட்டில். காலையில் கழுத்து வரை தண்ணீர் இருந்தது, அஸருக்கும் கழுத்து வரை இருந்தது.

“உடம்புக்கு என்னம்மா?”

“ஒண்ணுமில்ல ஆலிமா.”

என் முகத்தைப் பார்க்கவில்லை. போன வாரம் பாயைப் பிய்த்துக்கொண்டு நின்றபோதுகூட நிமிர்ந்து பார்த்துத்தான் பேசினாள்.

செப்டம்பர் 11, வியாழன்

பயானில் பெற்றோருக்குச் செய்யும் கடமை பற்றிப் பேசினேன். யாரையும் குறிப்பிடவில்லை. சப்பென்று இருந்தது. பிள்ளைகள் தூங்கிவழிந்தார்கள். ‘உங்களிலேயே ஒருத்தி’ என்று ஆரம்பித்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். அன்றைக்குச் சுத்தத்துக்காகச் சொன்னேன் என்று ஒரு வாரமாக எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். பொய். கூடம் சட்டென்று அமைதியாச்சே, அது பிடித்திருந்தது. அதற்காகத்தான் சொன்னேன். ஒரு பிள்ளையின் வேதனையை எடுத்து என் பேச்சுக்கு உப்பாகப் போட்டுக்கொண்டேன். சீ.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதியம் ஒளு செய்யும் வரிசையில் அந்தப் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. நானும் வார்டன் அக்காவும் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனோம். டாக்டரம்மா சோதித்துவிட்டு, சிறுநீர்ப் பாதையில் தொற்று, பல நாளாகத் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை என்றார். அவளிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். திரும்பி எங்களைப் பார்த்தார்.

“தண்ணி குடிக்காதேன்னு இவகிட்ட யார் சொன்னது?”

வார்டன் அக்காவுக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியும். அவள் சுவரைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு வருஷமாக வாயை மூடாதவள், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஊமையாகிவிட்டேன். டாக்டரம்மா காத்துப் பார்த்துவிட்டு, வீட்டை விட்டுப் புதுசாக வந்த பிள்ளைகளுக்கு இப்படி வருவது உண்டு, மருந்து இருக்கிறது, பயமுறுத்தாமல் இருந்தாலே பாதி குணமாகும் என்று அக்காவிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஊமையிடம் யார் பேசுவார்கள்?

சாயங்காலம் அவள் உம்மா வந்தார். தையல்காரம்மா, புடவை ஓரத்தில் இன்னும் நூல் ஒட்டியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “உங்களைப் பத்தி அவ்வளவு பெருமையா சொல்லுவா ஆலிமா. வந்த புதுசுல உங்க பேச்சுதான் ஃபோன்ல.” மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு வரைக்கும் நடந்து வந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று என் மகள்.

அவள் மதரஸாவில் இல்லை, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. ஒரு வருஷமாகவே என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். பாடம் எப்படி, நல்லாருக்கு. அவ்வளவுதான். இந்த வயசுப் பிள்ளைகளே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இன்று சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன், ஏன்டி என்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேங்கிறே?

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கணக்குல முட்டை வாங்கினேன்னு உங்ககிட்ட அழுதேன்ல உம்மா? அந்த வாரமே பயான்ல சொன்னீங்க. ‘எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை’ன்னு. உங்க மதரஸா அக்காங்க கடைத்தெருவுல என்னைப் பார்த்து ‘கணக்கு எப்படி இருக்கு’ன்னு கேட்டாங்க.”

“உன் பேரைச் சொல்லலையே...” என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

“உங்ககிட்ட சொன்னா அடுத்த வியாழக்கிழமை அது பாடமாயிடும் உம்மா.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பெரிய ஹஜ்ரத்திடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர்தான் மதரஸாவுக்குப் பொறுப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார்.

“தவ்பா செய்யுங்க. அல்லாஹ் மன்னிப்பவன்.”

“அடியானுக்குச் செஞ்ச அநியாயத்தை அந்த அடியான்தானே முதல்ல மன்னிக்கணும் ஹஜ்ரத்? நானே பாடம் நடத்தறேன். மைக்ல சொன்னதுக்கு மைக்லயே மன்னிப்புக் கேக்கறேன். இந்த வியாழக்கிழமையே.”

“ஆலிமாவோட மரியாதை போயிடுமேம்மா. அப்புறம் பிள்ளைங்க யாரை மதிக்கும்?”

“அதான் போயிடுச்சே ஹஜ்ரத்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளையிடமும் அவள் உம்மாவிடமும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள் என்றார்.

சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். நாலு பக்கம். நன்றாக வந்திருக்கிறது. ‘ஒரு பூ என்னை நம்பி இதழைத் திறந்தது, நான் அதைச் சந்தையில் வைத்தேன்’ என்கிற இடத்தில் எனக்கே கண் கலங்கியது. இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 17, புதன்

இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரு அறையும் ஒரு சமையலறையும். அறையில் பாதி இடம் தையல் மிஷினுக்கு. அவள் உம்மா நாற்காலியில் இருந்த துணிகளை அள்ளி எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அவள் நம்பிச் சொன்னதை மைக்கில் சொன்னது, தண்ணீர் குடிக்காதே என்றது, டாக்டரம்மா முன்னால் வாயடைத்து நின்றது. எல்லாம்.

அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லை. மிஷினில் மாட்டியிருந்த துணியை நேராக்கினார், மறுபடியும் நேராக்கினார். திட்டியிருக்கலாம். ரெண்டு அறை அறைந்திருக்கலாம். “என்கிட்டகூடச் சொல்லலையே,” என்றார் கடைசியில். “உங்ககிட்டதான் சொன்னாளா.”

சமையலறை வாசலில் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் பையிலிருந்து அந்த நாலு பக்கத்தை எடுத்தேன். முதல் பத்தியைப் படித்தேன். பூ வரும் இடத்துக்குப் போவதற்குள் அவள் கேட்டாள்.

“இதை மைக்ல படிக்கப் போறீங்களா?”

“ஆமாம்மா. நாளைக்கே. எல்லார் முன்னாடியும்.”

அவள் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. “வேணாம் ஆலிமா. ரூம்ல இருக்கறவ நேத்து ஃபோன் பண்ணினா. இப்போ யாரும் அதைப் பேசறதில்லையாம். வேற ஏதோ பேசறாங்களாம். நீங்க படிச்சா மறுபடியும்...” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீங்க பேசாம இருந்தா போதும்.”

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

பூவாம். சந்தையாம். அவளை இன்னொரு தடவை அதே கூடத்தில் நிறுத்தத்தான் கிளம்பியிருந்தேன், இந்தத் தடவை அழுகையோடு. காகிதத்தை மடித்தேன். எட்டாக மடித்தேன். கைக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாக்கினேன்.

“என்னை மன்னிப்பியா?”

யோசித்தாள். “தெரியல ஆலிமா.”

“டீ ஆறுது, குடிங்க,” என்றார் அவள் உம்மா.

செப்டம்பர் 18, வியாழன்

இனிமேல் நான் பயான் செய்யப்போவதில்லை என்று பெரிய ஹஜ்ரத்திடம் சொன்னேன். ஏன் என்றார். ‘பேசாம இருந்தா போதும்னு சொல்லியிருக்காங்க’ என்றேன். யார் என்று கேட்டார். சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கும் ஆலிமா பேசினார். மெலிந்த குரல், பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்தால் எல்லார் முதுகும் தெரிகிறது. அன்றைக்கு அவள் முதுகு எப்படி இருந்திருக்கும்?

செப்டம்பர் 20, சனி

வார்டன் அக்காவும் நானும் ஏற்பாடு செய்துவிட்டோம். விடுதியில் ஏழு அறை. இனி தினம் ஓர் அறை பெட்ஷீட் துவைக்கும். கொடி எந்த நாளும் காலியாக இருக்காது, தனியாக ஒன்று தொங்கவும் செய்யாது. நாற்பத்திரண்டு மெத்தைக்கும் மேலே, பெட்ஷீட்டுக்கு அடியில், ஈரம் இறங்காத ரெக்ஸின் விரிப்பு. மாடிப்படிக்குப் பக்கத்து அலமாரியில் துவைத்த பெட்ஷீட் பன்னிரண்டு, பூட்டு கிடையாது, யாரிடமும் கேட்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரே எரிச்சல். வெள்ளிக்கிழமை துவைச்சா என்ன கெட்டுப்போச்சு என்று முணுமுணுப்பு. படி இறங்கும்போது காதில் விழுந்தது: “ரேடியோவுக்கு மரை கழண்டுடுச்சுடி.”

காரணத்தைச் சொல்ல நாக்கு துடித்தது. எவ்வளவு அழகாகச் சொல்லலாம்! ஏற்பாடு, அதன் நன்மை, பிறர் குறையை மறைப்பதன் சிறப்பு — முழுசாக இருபது நிமிஷப் பயான் உள்ளே தயாராக இருக்கிறது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மரை கழண்டதாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

அலமாரியில் ஒன்பதுதான் இருக்கிறது. மூன்று எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

அப்படியென்றால் — வேறு யாரோ. ஒருத்தியா, மூணு பேரா? யா அல்லாஹ். அன்றைக்கு நான் ‘உங்களிலேயே சிலர்’ என்று வாய்க்கு வந்தபடி சொன்னேன். நிஜமாகவே சிலர் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவள் ஒருத்தி மாட்டிக்கொண்டாள், மற்றவர்கள் மாட்டாமல் உள்ளேயே நடுங்கியிருக்கிறார்கள். பின்வரிசையில் சிரித்தவளும் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். இருக்கலாம் என்ன, பயத்தில்தான் சிரித்திருப்பாள்.

யார் என்று கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் போதும். கண்டுபிடிக்க மாட்டேன். அலமாரியில் மூன்று வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தையல்காரம்மா ஃபோன் செய்தார். தொற்று சரியாகிவிட்டதாம். மருந்து இன்னும் சாப்பிடுகிறாள், நனைவது வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைந்திருக்கிறது. படிப்பை விட மாட்டேன் என்கிறாளாம், சனிக்கிழமை கொண்டுவந்து விடுகிறாராம். இரண்டு நிபந்தனை. கட்டில் வாசல் பக்கம் வேண்டும், குளியலறை கிட்டே. ஆகட்டும் என்றேன்.

இரண்டாவதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. “அவ ஓதறதை வேற ஆலிமா கேட்டா பரவாயில்லையா? தப்பா நினைச்சுக்காதீங்க...”

“பரவாயில்லம்மா.”

ஃபோனை வைத்த பிறகு அழுதேன். மகள் வந்து எட்டிப் பார்த்தாள். என்ன உம்மா என்றாள். மதரஸா விஷயம், இன்னொருத்தருடையது, சொல்லக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டினாள்.

அக்டோபர் 4, சனி

வந்துவிட்டாள். ஸலாம் சொன்னாள், நானும் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

அக்டோபர் 6, திங்கள்

மகள் சொன்னாள், அவள் சிநேகிதியோடு சண்டையாம். ஏன் என்றும் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டாம் ஆண்டு ஆலிமா இன்றும் பன்னிரண்டே நிமிஷம். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

மாடியில் ஆறு பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தன. இல்லை, ஏழோ எட்டோ. எண்ணவில்லை.

அஸர் தொழுது முடித்துக் குழாயடிப் பக்கம் வந்தேன். அந்தப் பிள்ளை பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பிக்கொண்டாள். கழுத்து வரை நிரப்பி, அங்கேயே நின்றுகொண்டு, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள். மிடறு எண்ணாமல், மூச்சு விடாமல், தாவணியெல்லாம் நனைய.

உட்கார்ந்து குடி என்று வாய் வரை வந்துவிட்டது.

பாட்டில் காலி. குலுக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குழாயைத் திறந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனேன்.